குனிவதற்கு ஓர் ஆள்

ரொறொன்ரோவில் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிற அறிவித்தல்களை ஒரு சொல் விடாமல் நம்புகிற மனிதன் ஒருவன்தான் இருக்கிறான். அவனை எங்கள் வட்டாரத்தில் 'ரிவேர்ஸ்' என்பார்கள். வீட்டில் வைத்த பெயர் நீளமானது, அழகானது. அதை இப்போது அவனுடைய தாயாரும் ஹெல்த் கார்ட்டும் மாத்திரமே ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கு அவன் அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டான். நான் சொல்லப்போவது அதற்கு முந்திய கதை. மல்வேர்னில் எங்கள் டவுன்ஹவுஸ் வரிசையில் அவன் வீடும் எங்கள் வீடும் ஒட்டினாற்போல் இருந்தன. நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் அவன் தும்மினால் இந்தப் பக்கம் என் தேநீர் ஆடும். என்னைவிட இரண்டு வயது இளையவன், ஆனால் இரண்டு பேரும் ஒரே பல்கலைக்கழகம். என்னிடம் ஒரு பழைய கார் இருந்ததால், காலையில் அவனை ஏற்றிக்கொண்டு போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கார் திருத்தப் போன நாட்களில் பஸ்ஸில் போவோம். அப்போதுதான் அவனுடைய குணம் எனக்கு முழுதாக விளங்கியது. 'தயவுசெய்து பின்னால் நகரவும்' என்று பஸ்ஸில் எழுதியிருக்கும். பஸ் வெறுமையாக நிற்கும். ஏறுவது நாங்கள் இரண்டு பேர் மாத்திரம். இவன் நடந்து நடந்து கடைசிச் சுவரில் முட்டிய பிறகுதான் நிற்பான். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று வங்கியில் ஓர் அறிவித்தல் மட்டை தொங்கும். மற்றவர்கள் அதைக் காற்றில் ஆடுகிற மட்டை என்று நினைப்பார்கள். இவன் உள்ளே போய் மனேஜரைக் கூப்பிட்டு, உட்கார்ந்து, தன் கருத்தைச் சொல்லிவிட்டு வந்தான். மனேஜர் கோப்பி கொடுத்தாராம்.

ஆகவே, பல்கலைக்கழக உடற்பயிற்சிக்கூடத்து வாசலில் 'ஃபுட்போல் ரீமுக்குத் தேர்வு நடக்கிறது. எல்லோரும் வரலாம்' என்று ஒட்டியிருந்ததை அவன் பார்த்த அன்றே நான் விழிப்பாக இருந்திருக்க வேண்டும்.

இங்கே ஃபுட்போல் என்றால், நாங்கள் காலால் உதைக்கிற பந்து அல்ல. இரண்டு பக்கமும் கூர்ந்த பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓடுகிறவனை மற்றவர்கள் விழுத்த வேண்டும். தலையில் கம்பி வைத்த ஹெல்மெற், தோளில் பலகை போன்ற கவசம். இதற்கு ஏன் ஃபுட்போல் என்று பெயர் என்பதை நான் பலரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். எல்லோரும் பேச்சை மாற்றினார்கள்.

பல்கலைக்கழக ரீமுக்கு வருகிறவர்கள் ஹைஸ்கூலில் வருடக்கணக்காக ஆடிய பிள்ளைகள். எங்கள் ரிவேர்ஸ் படித்த ஹைஸ்கூலில் ஃபுட்போல் ரீமே இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அவனுக்கு நேரம் இருந்திருக்காது. சனிக்கிழமை தமிழ் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை மிருதங்கம். இரண்டுக்கும் இருந்த இடத்தைவிட்டு எழும்பத் தேவையில்லை. உயரம் அளவானது. அகலத்தில் ஒரு குறையும் இல்லை. அறை வாசலில் வந்து நின்றால் உள்ளே லைட் போட வேண்டும்.

"அக்கா, பின்னேரம் கொஞ்சம் பிந்தித்தான் வருவன். ஃபுட்போலுக்கு ஆள் எடுக்கினம்."

"நீ எப்பயடா ஃபுட்போல் விளையாடினனீ?"

"இல்லை."

"அப்ப?"

"எல்லாரும் வரலாம் எண்டு போட்டிருக்கு."

அவன் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. எனக்குத்தான் வகுப்பில் மனம் ஓடவில்லை. நேரத்தோடு மைதானத்துக்குப் போய்விட்டேன்.

அங்கே நின்ற பிள்ளைகளைப் பார்த்தேன். கழுத்து என்பது தலைக்கும் தோளுக்கும் நடுவில் தனியாக இருக்கிற உறுப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர்களில் பலருக்கு அது காதுக்குக் கீழே தொடங்கி முழங்கைவரை போனது. அவர்களுக்கு நடுவில், ரீமிலிருந்து இரவல் கொடுத்த தோள் கவசத்தை முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிக்கொண்டு, எங்கள் ஆள் நின்றான். கவசத்தின் உயர்ந்த பக்கம் நாடியில் முட்டியதால் வானத்தையே பார்த்தபடி இருந்தான்.

யாரோ ஒரு பெடியன், கவசத்தைத் திருப்பிப் போடச் சொல்லி, "ரிவேர்ஸ்! ரிவேர்ஸ்!" என்று கத்தினான்.

இவன் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினான். தண்ணீர் மேசையில் முட்டும்வரை நடந்தான். அந்தப் பெயர் அங்கேயே நிலைத்துவிட்டது.

கோச் ஒரு பெரிய, அமைதியான மனிதர். சத்தம் போடமாட்டார். ஏதாவது தாங்க முடியாமல் போனால் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்ப்பார். அதற்குள் பதில் ஏதும் இருக்கிறதா என்று தேடுவதுபோல் இருக்கும்.

"ஹைஸ்கூலில் எந்த இடத்தில் ஆடினாய்?" என்று கேட்டார்.

"ஆடவில்லை, கோச்."

"எந்த ரீமில் இருந்தாய்?"

"எங்கள் பள்ளிக்கூடத்தில் செஸ் ரீம் இருந்தது."

"அதில் இருந்தாயா?"

"இல்லை."

கோச் தொப்பியைக் கழற்றினார்.

ஓடச் சொன்னார்கள். ஓடினான். கோச் முதலில் கையில் இருந்த ஸ்டொப்வாட்சைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார், இருட்டுவதற்குள் வந்துவிடுவானா என்பதுபோல். பந்தை எறிந்து பிடிக்கச் சொன்னார்கள். நெஞ்சால் பிடித்தான், மூக்கால் பிடித்தான், ஒருமுறை ஹெல்மெற்றின் கம்பிக்குள்ளேயே பிடித்தான். கையால் மாத்திரம் பிடிக்கவில்லை. கடைசியில் கோச் அவன் தோளில் கைவைத்து, இந்த நாட்டு வழக்கப்படி மிகவும் மரியாதையாக, "இந்த வருடம் சரிவராது. ஆனால் தொடர்பில் இரு" என்றார்.

'இனி இந்தப் பக்கம் வராதே' என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்த எல்லோருக்கும் இது தெரியும். ரிவேர்ஸுக்குத் தெரியாது. வந்த திங்கட்கிழமை கோச்சின் அறைக் கதவைத் தட்டினான்.

"என்ன வேண்டும்?"

"ஒன்றும் இல்லை, கோச். தொடர்பில் இருக்கச் சொன்னீர்கள்."

அதற்குப் பிறகு எல்லாத் திங்கட்கிழமையும் போனான். சுகம் விசாரிப்பான். கோச்சின் முழங்கால் ஒபரேஷன், கோச்சின் நாய்க்கு வந்த சொறி, கோச்சின் மாமியார் எப்போது திரும்பிப் போகிறார் என்பதெல்லாம் எனக்கு அவன்மூலம்தான் தெரியும். விளையாட்டைப்பற்றி ஒரு சொல் கேட்க மாட்டான். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுவான். இலையுதிர்காலம் முடிந்து பனி தொடங்கிய ஒரு திங்கட்கிழமை கோச் மேசைக்குக் கீழிருந்து ஒரு பழைய பந்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"லோங் ஸ்னப் எறியப் பழகு. அதைப் பழக ஒருவருக்கும் விருப்பமில்லை" என்றார்.

கோச் அவனைத் தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் சொன்னார் என்பது என் எண்ணம். பாடம் நடத்தினார் என்பது ரிவேர்ஸின் எண்ணம்.

லோங் ஸ்னப் என்பது இதுதான். ஒருவன் பந்தை நிலத்தில் வைத்துக் குனிந்து நிற்பான். இரண்டு கால்களுக்கும் நடுவால் பின்பக்கமாக எறிவான். பதினைந்து கஜம் தள்ளி நிற்கிற மற்றவன் அதைப் பிடித்துக் காலால் உதைப்பான். எறிந்த கையோடு எதிர்ப் பக்கத்துத் தடியர்கள் வந்து எறிந்தவனுக்குமேல் விழுவார்கள். சரியாக எறிந்தால் அப்படி ஒருவன் மைதானத்தில் இருப்பதே யாருக்கும் தெரியாது. பிழையாக எறிந்தால் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் டவுன்ஹவுஸ் பார்க்கிங்கில் ரிவேர்ஸ் குனிந்து நின்றான். பனியை வழித்துவிட்டு, ஜக்கெற்றுக்குமேல் ஜக்கெற் போட்டுக்கொண்டு குனிவான். எதிரே, அதாவது அவனுக்குப் பின்னே, பிடிக்கிற ஆள் நான். பனிக்கையுறைக்குமேல் அம்மாவின் அடுப்படிக் கையுறையும் போட்டுக்கொண்டு நின்றேன். தொடக்கத்தில் பந்து என்னிடம் வரவேயில்லை. கூரைக்குப் போனது, குப்பைத் தொட்டிக்குள் போனது, பக்கத்து அங்கிளின் காருக்குப் போனது. காரின் பக்கக் கண்ணாடி ஒன்று கழன்று தொங்கியது.

அங்கிள் செருப்போடு பனிக்குள் வந்தார்.

"தம்பி, உமக்கு என்னோட ஏதும் கோவமோ?"

"இல்லை அங்கிள்."

"பின்னை ஏன் உடைக்கிறீர்? உடைக்கிறதுதான் உடைக்கிறீர், என்ர காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டே உடைக்கோணும்? நேர பாத்து உடைச்சா மனம் ஆறும்."

ரிவேர்ஸ் மன்னிப்புக் கேட்டு, கண்ணாடி மாற்றிக் கொடுத்து, அடுத்த நாளும் குனிந்தான். அங்கிள் தன் காரை அடுத்த தெருவில் கொண்டுபோய் விட்டார்.

எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பந்து நேராக வந்து என் நெஞ்சுக்கு முன்னால் நின்றது. அடுத்ததும் வந்தது. பனி கரையத் தொடங்கிய நேரத்தில் நான் கையை எங்கே நீட்டுகிறேனோ அங்கே பந்து வந்து விழுந்தது, அதுவும் சுழன்றுகொண்டு, ஒரு சீறல் சத்தத்தோடு. அவன் திரும்பிப் பார்ப்பதே இல்லை. என் விரல் மூட்டெல்லாம் வீங்கி, சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன். "இன்னும் ஒண்டு அக்கா" என்பான். 'போதுமடா' என்று சொல்ல வாய்வரை வரும். அந்த முதுகைப் பார்த்தால் சொல்ல மனம் வராது.

வசந்தம் வந்ததும் கோச்சுக்கு எறிந்து காட்டினான். கோச் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். திரும்பப் போட்டுக்கொண்டு, "இன்னொரு முறை எறி" என்றார். பிறகும் சொன்னார். பிறகும் சொன்னார். அன்று ரிவேர்ஸ் ரீமில் சேர்ந்தான்.

அன்று பின்னேரம் அவன் வீட்டுக் குசினியில் நானும் இருந்தேன். தாயார், நான் அன்ரி என்று கூப்பிடுகிறவர், முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை முடித்து வந்து காலைக் கதிரையில் தூக்கி வைத்திருந்தார்.

"அம்மா, என்னை ரீமுக்கு எடுத்திட்டினம்."

"கடவுளே! கோல் அடிப்பியோ?"

"இல்லை அம்மா."

"பந்து பிடிப்பியோ?"

"இல்லை."

"ஓடுவியோ?"

"ஓடவேண்டாம் எண்டு சொன்னவை."

"அப்ப உன்னை என்னத்துக்கு எடுத்தவை?"

"குனியிறதுக்கு."

அன்ரி என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முதுகு பிடிச்சா எண்ணெய் தேய்ச்சு விடுறன்" என்றார்.

ரீமில் லோங் ஸ்னப் எறிய அவனுக்கு முன்னால் பிரண்டன் என்று ஒருவன் இருந்தான். பழைய ஆட்டக்காரன், பிழை விடாதவன். அவன் இருக்கும்வரை ரிவேர்ஸுக்கு மைதானத்தின் ஓரந்தான். "எப்போதும் தயாராக இரு" என்று கோச் சொல்லிவைத்தார். மற்றவர்கள் வாங்கில் உட்கார்ந்து, போர்வை போர்த்து, பகிடி விட்டார்கள். இவன் ஹெல்மெற்றைக் கழற்றாமல், வாயில் பல் காப்பைக் கடித்துக்கொண்டு, மச் தொடங்கி முடியும்வரை நின்றான். தண்ணீரைக் கம்பிக்குள்ளால் ஊற்றிக் குடித்தான். அந்தப் பருவத்தின் கடைசி மச்வரை ஒருமுறைகூட உள்ளே கூப்பிடவில்லை. தோய்க்கத் தேவையில்லாத உடுப்பை அன்ரி ஒவ்வொரு கிழமையும் தோய்த்துக் கொடுத்தார்.

சொந்த மைதானத்தில் கடைசி மச். அன்ரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு முதன்முறையாகப் பார்க்க வந்தார். சேலைக்குமேல் முழங்கால்வரை குளிர் ஜக்கெற். எங்கள் ஆட்கள் வென்றால் அடுத்த சுற்று, தோற்றால் வருடம் முடிந்தது என்ற நிலை. இடைவேளைக்குப் பிறகு பிரண்டன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் கிடந்தான். இரண்டு பேர் தோள்கொடுத்து வெளியே கொண்டுவந்தார்கள்.

கோச் ரிவேர்ஸைப் பார்த்துத் தலையை அசைத்தார். என் கை தானாகவே நீண்டது, பந்து பிடிப்பதுபோல்.

உள்ளே போனான். குனிந்தான். "உதுதான் என்ர பிள்ளை" என்றார் அன்ரி. எல்லோரும் ஒரே உடுப்பு, ஒரே ஹெல்மெற். குனிந்த விதத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

எறிந்தான்.

பந்து பிடிக்கிறவனின் தலைக்குமேலாகப் போனது. அவன் துள்ளியும் எட்டவில்லை. எங்கள் பக்கத்துக் கடைசிக் கோட்டையும் தாண்டி வேலியில் போய் அடித்தது. அதற்கு எதிர் ரீமுக்கு இரண்டு பொயின்ற். எங்கள் ஆட்களின் முன்னிலை அதோடு கரைந்து, இரண்டு பக்கமும் சமன்.

எங்களுக்குப் பின்னால் போர்வையோடு இருந்த ஒரு வெள்ளைக்காரர், "யார் இந்த முட்டாள்?" என்று ஆங்கிலத்தில் உரக்கக் கேட்டார்.

"என்னவாம்?" என்றார் அன்ரி.

"ஆர் அந்தப் பிள்ளை எண்டு கேக்கிறார், அன்ரி."

அன்ரி முழுதாகத் திரும்பி, சிரித்த முகத்தோடு, "மை சன்" என்றார்.

அந்த மனிதரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய போர்வையின் ஒரு பாதி அன்ரியின் மடிக்கு வந்து சேர்ந்தது.

ஓரத்தில் ரிவேர்ஸ் கோச்சுக்கு முன்னால் நின்றான். கோச் தொப்பியைத் தொடவில்லை. "மறந்துவிடு" என்று மாத்திரம் சொன்னதை அவருடைய வாயசைவில் கண்டேன். ரிவேர்ஸ் தலையாட்டினான். திரும்பி, பழையபடி நேராக நின்று, கம்பிக்குள்ளால் தண்ணீர் குடித்தான். ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தான். சொன்னால் சொன்னபடி செய்கிறவன், உண்மையாகவே மறந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

கடைசி நிமிடத்துக்குள் வந்துவிட்டோம். இன்னும் சமன். எங்கள் ரீம் பந்தை எதிர்ப்பக்கத்துக் கோல் கம்பங்களுக்குக் கிட்டக் கொண்டுபோய்விட்டது. இனி ஒரே ஒரு உதை. ரிவேர்ஸ் எறிய வேண்டும், ஒருவன் பிடித்து நிலத்தில் நிறுத்த வேண்டும், மெலிந்த ஒரு பெடியன் அதைக் கம்பங்களுக்கு நடுவால் உதைக்க வேண்டும். ரிவேர்ஸ் நடந்துபோய்க் குனிந்தான். கையை ஒருமுறை துடைத்தான்.

பந்து போனது. நேராக, சுழன்று, பிடிப்பவனின் கைக்குள் போய் இருந்தது. பார்க்கிங்கில் எனக்கு வந்த அதே பந்து. அடுத்த நொடி எதிர் ரீம் அவனுக்குமேல் விழுந்து அவனை மூடியது. மெலிந்த பெடியன் ஓடிவந்து உதைத்தான்.

பந்து கம்பத்துக்கு வெளியே, வலது பக்கத்தால் போனது.

"போகேல்லை" என்றார் அன்ரி.

"ஓம் அன்ரி, போகேல்லை."

ஆனால் எங்கள் ஆட்கள் துள்ளினார்கள். ஹெல்மெற்றுகள் ஆகாயத்தில் பறந்தன. போர்வைக்காரர் அன்ரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஏன் பிள்ளை துள்ளுகினம்?"

"தவறவிட்டாலும் பந்து அங்கால கடைசிக் கோட்டைத் தாண்டி விழுந்தா ஒரு பொயின்ற் குடுப்பினம் அன்ரி. நாங்கள் வெண்டிட்டம்."

"பிழையா அடிச்சதுக்கோ?"

"ஓம்."

அன்ரி இதை நன்றாக யோசித்தார். "நல்ல நாடு" என்றார்.

பிழையாக உதைத்த பெடியனை எல்லோரும் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குவியல் கலைந்தது. அடியில் இருந்தவன் கடைசியாக எழும்பினான். யாரும் அவனைத் தூக்கவில்லை, தூக்கவும் முடியாது. பல் காப்பைத் தேடி எடுத்து, புல்லைத் தட்டிவிட்டு, எங்களைத் தேடிக் கை காட்டினான். கோச் மாத்திரம் அவனிடம் போனார். தன் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்துவிட்டு நடந்தார்.

வெற்றியைக் கொண்டாட மற்றவர்கள் வெளியே போனார்கள். இவன் அன்ரியோடு என் காரில் வந்தான். பின் ஆசனம் முழுவதும் அவன்தான். குளித்தும் புல் மணந்தது. முன்னால் இருந்து அன்ரி அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"கெட்டிக்காரனடா நீ. அந்த முதல் பந்தை அப்பிடியே மறந்திட்டாய்" என்றேன் நான்.

பின் ஆசனத்தில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மறக்கேல்லை அக்கா. எப்பிடி மறக்கிறது? வேலியில பட்ட சத்தம் இன்னும் கேக்குது. மறந்த மாதிரி நிண்டனான். அம்மா பாத்துக்கொண்டு இருந்தவா எல்லோ."

அன்ரி முன்பக்கம் திரும்பி, கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். நான் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் திறந்து, அவன் நித்திரையாகிவிட்டான்.

"மெல்லமா ஓட்டு பிள்ளை" என்றார் அன்ரி.

அன்று ஃபோர்-ஓ-வன் நெடுஞ்சாலையில் என்னை முந்தாத வாகனம் இல்லை. ட்ரக்குகள் ஹோர்ன் அடித்தன, ஒரு கிழவர் கையை விரித்துக் காட்டிக்கொண்டு போனார். மல்வேர்ன் வரும்வரை வலது பக்க லேனிலேயே, ஒரு குலுக்கல் இல்லாமல், ஓட்டிக்கொண்டு வந்தேன்.